ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை

என் குரல் கடைசியாகக் குடியிருந்த இடம், கீல் உடைந்த ஒரு பழைய லேப்டாப். எங்கள் கூடத்தில், டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், வைஃபை டப்பாவுக்குப் பக்கத்தில் மூடியைச் சாத்தியபடி கிடந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரியும். உள்ளே இருக்கிற விசிறி புர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நான் பேசுவேன். அது நின்றால் நான் ஊமை. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, ஏற்பாடே அப்படித்தான்.

முன்னே எனக்கு இருந்த குரலைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நின்றேன். "வாங்கக்கா, பட்டு மாடியில, காட்டன் இந்தப் பக்கம்" என்று நான் உள்ளேயிருந்து சொன்னால், வாசலில் செருப்பு கழற்றுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தவளக்குப்பம் பக்கத்தில் கரும்பும் நெல்லுமாக இருந்த குடும்பம் எங்களுடையது. இந்தக் கொல்லையில் நின்று அந்தக் கொல்லையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வளர்ந்தவள் நான். முத்தியால்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கு வந்த பிறகும் என் தொண்டைக்கு அந்த விஷயம் தெரியவில்லை. "மெதுவா பேசேன்மா, கனகசெட்டிக்குளம் வரைக்கும் கேக்குது" என்பார் வீட்டுக்காரர். "கேக்கட்டுமே, நான் இன்னா ஊரான் வூட்டுக் கதையா பேசறேன்" என்பேன்.

அந்தத் தொண்டையில்தான் வந்தது. முதலில் கரகரப்பு. கடையில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மிளகு, பனங்கற்கண்டு, கஷாயம் எல்லாம் ஆயிற்று. கரகரப்பு போவதும் வருவதுமாக இருந்தது. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட் வாங்கப் போனது அவர் மட்டும்தான். அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பைக்கில் திரும்பியவர், கோரிமேட்டில், காய்ந்த ரோட்டில், முன்னாலும் பின்னாலும் யாருமே இல்லாத ரோட்டில் விழுந்தார். யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. என் நோய் என்னவென்று எனக்குத் தெரியும் முன்னே, அவர் கைக்கு மாவுக்கட்டு போட்டாயிற்று. அவர் அப்படித்தான். மனசு கலங்கினால் கை நடுங்கும். கை நடுங்குகிற நேரம் பார்த்து வண்டியை முறுக்குவார். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, கழுத்தில் ஒரு துளை வைப்போம், அது வழியாக மூச்சு விடலாம், பேச்சு மட்டும் இருக்காது என்றார். 'மட்டும்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில், இருந்த கரகரக் குரலிலேயே அவரை நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். வெளியே வந்து நன்றாக அழுதேன்.

அந்த வாரம் நாத்தனார் பார்க்க வந்தார். நான் பேசிக்கொண்டிருந்ததை எனக்குத் தெரியாமல் போனில் பதிவு செய்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் அழுகிற பொம்மைகளோடு போட்டுவிட்டார். 'நம்ம தம்பி பொண்டாட்டி கடைசியா பேசினது.' அடிப்பாவி! உயிரோடு இருக்கிறபோதே எனக்குப் பால் ஊற்றிவிட்டார்கள். ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் பார்த்தேன். அன்றைக்குத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "இனிமே என் கொரலு இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது. எவ போன்லயும் இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறார். ரொம்பப் பேச மாட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "வாசப்படியத் தாண்டாம ஒண்ணு செய்யலாம்மா. வீட்டுக்குள்ளயே ஒரு வெப்சைட்டு."

அவர் நினைத்தது இதுதான். நான் தினமும் பேசுகிற பேச்சை எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் என் குரலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். வீட்டிலிருக்கிற பழைய லேப்டாப்பில் ஒரு இணையதளம் ஓடும். அதில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பட்டன். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பட்டனைத் தொட்டால் என் குரல் கேட்கும். எங்கள் வீட்டு வைஃபைக்குள் இருக்கிற போனில் மட்டும்தான் அது திறக்கும். தெருமுனைக்குப் போனாலே திறக்காது. இன்டர்நெட்டில் யார் தேடினாலும் கிடைக்காது. எந்தக் கம்பெனிக்காரனிடமும் என் குரல் இருக்காது.

"அதைக் கண்டெய்னர்ல போட்டு ஓட்டுவேன்" என்றார்.

"கண்டெய்னரா? கடலூர் ரோட்டுல போற லாரியா?"

"அதே பேருதான். தேவையான சாமான் அத்தனையும் உள்ள வெச்சு மூடின பொட்டி மாதிரி. எந்தக் கம்ப்யூட்டர்ல எறக்கினாலும் அப்படியே ஓடும். வெளிய எதோடயும் ஒட்டாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைக்காக ஓட்டிக் காட்டினார். கறுப்புத் திரையில் நீளமாக ஒரு வரி அடித்தார். என் போனில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. "எதாவது பேசு" என்றார். "ஹலோ, உலை கொதிக்குது, அரிசி போடணும்" என்றேன். பட்டனைத் தொட்டால் அதுவே திரும்பி வந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. பிறகு அவர் அதை நிறுத்தினார். மறுபடியும் ஓட்டினார். பக்கம் காலியாக இருந்தது.

"என் அரிசி எங்கங்க?"

"அழிஞ்சிடுச்சு. டெஸ்ட்டுக்கு ஓட்டறப்ப, நிறுத்தினதும் பொட்டியே தானா அழிஞ்சிடற மாதிரி அந்த வரியில சொல்லியிருக்கேன். குப்பை சேராது பாரு. உன்னுத நெஜமா போடறப்ப, பேச்செல்லாம் பொட்டிக்கு வெளிய தனியா ஒரு எடத்துல சேர்ற மாதிரி போடுவேன். அப்ப நிறுத்தினாலும் ஒண்ணும் ஆவாது."

"மறந்துடுவீங்க."

"அட, நம்பும்மா."

எழுந்து போய் நிஜமாகவே அரிசியைப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, நிதானமாக ஒவ்வொன்றாகப் பதிவு செய்யலாம் என்றுதான் இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ வரவில்லையாம், இடம் காலியாகிறது, உடனே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். வீடே தலைகீழாகிவிட்டது. பை எடு, துணி எடு, கடைக்கு லீவு சொல்லு. அந்தக் களேபரத்தில் அவர் லேப்டாப்பைத் திறந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கீபோர்டில் மேல்நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினார். முன்பு அடித்திருந்த வரி திரும்ப வந்து நின்றது. என்டரை ஒரு தட்டு தட்டினார். "பேசு, பேசு, நேரமில்ல" என்றார்.

பேசினேன். மகள் கடலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளும் ஓடிவந்து பட்டனுக்கெல்லாம் பேர் போட்டுக் கொடுத்தாள். தொண்டை அன்றைக்கு என்னவோ எனக்கு இரங்கியது. கரகரப்பு குறைந்து, கிட்டத்தட்ட பழைய குரல் வந்தது. 'ஏங்க.' 'சாப்பிட வாங்க.' 'யாரு கதவத் தட்டறது?' 'வேணாம், போதும்.' 'தலை வலிக்குது.' 'எழுந்திரிடி, மணி இன்னா ஆவுது பாரு.' திட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. 'போங்க அந்தப் பக்கம்.' 'உங்க அக்கா வந்தா நான் தூங்கறேன்னு சொல்லுங்க.' மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாக அவர்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு ஒன்று பேசினேன். அது மகளுக்கு. அவள் கல்யாணமாகிப் போகிற அன்று கேட்க வேண்டியது. எங்கள் அம்மா எனக்குச் சொல்லாமல் விட்டதும், நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டதும் அதில் இருந்தன. நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது, அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பட்டனுக்கு 'பிறகு' என்று நானே பேர் போட்டேன். அதை யாரும் திறக்கக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கண் விழித்து 'தண்ணி' என்றேன், காற்று மட்டும் கழுத்து வழியாகப் போனது. அந்த ஆஸ்பத்திரி நாட்களில்தான் நாங்கள் தட்டுப் பேச்சைக் கண்டுபிடித்தோம். அவர் வெளியிலிருந்து போன் பண்ணுவார். நான் எடுத்து நகத்தால் போனைத் தட்டுவேன். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை. "சாப்ட்டியா?" டொக். "வலிக்குதா?" டொக் டொக். இரண்டாவதில் பாதி நாள் பொய்தான்.

வீட்டுக்கு வந்த அன்று அவர் அடுப்படியில் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து போனை எடுத்தேன். 'ஏங்க' பட்டனைத் தொட்டேன். அங்கே கரண்டி விழுந்தது. அவர் ஓடிவந்து நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை தொட்டேன். 'ஏங்க.' அந்த மனுஷன் தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். நானும்தான்.

எல்லாம் நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஏறிக்கொண்டே போனது. 'சாப்பிட வாங்க' என்பதை நான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தேன். சண்டை போட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிற நாளிலும் லேப்டாப்பில் இருந்தவள் அதே சந்தோஷத்தோடுதான் கூப்பிட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட அவளுக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா அம்மா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் மனைவி. ஒரு நாள் அவர் வாசலில் நின்று கூப்பிட்டார். நான் உள்ளே இருந்தபடியே பட்டனைத் தொட்டேன். 'வாங்க, உள்ள வாங்க.' அவர் உள்ளே வரவில்லை. நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "மோந்தியே! என் கடவுளே! எனக்குப் பழக்கமாவாது தாயே. செத்தவங்க கூப்பிடற மாதிரி இருக்குது" என்றார். அதற்குப் பிறகு வந்தால் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

நான் அந்த லேப்டாப்பின் சத்தத்துக்குக் காது கொடுத்தே வாழ்ந்தேன். சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் ஒரு காது கூடத்தில் இருக்கும். விசிறி கொஞ்சம் அதிகமாகச் சுற்றினால் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்பேன். அடுப்புக் கல் போலச் சுடும். மூடி மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீர் சொம்பு இருந்தால் என் பார்வையே போதும், அவர் எடுத்துவிடுவார்.

மழைக்காலத்தில் புயல் வந்தது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் மத்தியானம் வரைக்கும் தாங்கியது. பிறகு அதுவும் கீச் கீச்சென்று கத்தி அடங்கியது. வைஃபை செத்தது. லேப்டாப் மட்டும் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே முருங்கை மரம் முறிகிற சத்தம். கூடத்தில் இருட்டு. அந்த வெள்ளை விளக்கு ஆரஞ்சு நிறமாக மாறிச் சிமிட்ட ஆரம்பித்தது. நான் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தோளைத் தொட்டார்.

"எதுக்கும்மா பயப்படறே? ஆஃப் ஆனா ஆவட்டுமே. மறுபடி ஆன் பண்ணா அப்படியே வந்துடும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் வந்துவிட்டது. தெருவே ஓவென்று கத்தியது. விளக்கு மறுபடி வெள்ளையானது. அப்புறம் அவர் லேப்டாப்பின் ஓரத்தில் அதை அணைக்கிற பட்டனையும் எனக்குக் காட்டினார். "எப்பவாச்சும் நீயே அணைக்கணும்னா இத ஒரு தரம் அமுக்கு. ஒழுங்கா அணையும்."

மகள் லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்பாள். "எனக்கு மட்டும் போன்ல போட்டுக் குடும்மா. ஹாஸ்டல்ல உன் கொரல கேக்கணும்னு இருக்கு." நான் பலகையில் எழுதிக் காட்டுவேன்: 'வீட்டுக்கு வா. கேட்டுக்கோ.' அவர் பெண்ணுக்குப் பரிந்து பேசுவார். "ஒரு பென்டிரைவ்லயாவது போட்டு பீரோவுல வைக்கலாம்மா." அதற்கு நான் தலையாட்டிவிட்டேன். ஆனால் அவருக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேறு வேலை வந்தது. நல்லா ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை யார்தான் போய் நோண்டுவார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அதைக் குறைவில்லாமல் செய்வோம். அரிவாள்மணை, கத்தி, சுத்தியல், மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், அவர் வேலையிலிருந்து வந்ததும் அவருடைய பைக், மகளின் புத்தகம், எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். மறுநாள் பூஜை முடித்து எடுக்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கிற வழக்கமே கிடையாது. பிரிட்ஜை மட்டும் விட்டுவிடுவோம், பால் கெட்டுப்போனால் சாமியா வந்து வாங்கிக் கொடுக்கும்.

காலையில் அவர் கம்பெனி பூஜைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கையில் குங்குமக் கிண்ணத்தோடு லேப்டாப்பைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினேன். இதுக்கும் வைக்கவா என்று அர்த்தம்.

"பின்ன? உனக்காக நாள் பூரா ஒழைக்குது. அதுக்குத்தான் மொதல்ல வைக்கணும்" என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார்.

மகள் மத்தியானம் கடலூரில் பஸ் ஏறுவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். வீட்டைக் கழுவினேன். மாவிலை கட்டினேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கடைசியாக லேப்டாப்பிடம் வந்தேன். அணைப்பதற்கு முன்னால் என்ன தோன்றியதோ, போனை எடுத்து 'ஏங்க' என்று ஒரு தடவை தொட்டேன். வெறும் வீட்டில் நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டேன். இரு, ஒரு நாள்தானே, உனக்கும் ஓய்வு எனக்கும் ஓய்வு என்று மனசுக்குள் சொல்லியபடி லேப்டாப் ஓரத்துப் பட்டனை ஒரு தரம் அமுக்கினேன். அவர் சொன்னபடியே ஒழுங்காக அணைந்தது. விசிறி தேய்ந்து நின்றது. வெள்ளை விளக்கு போயிற்று. வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. மூடியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியைச் சொருகினேன்.

மத்தியானம் எதிர்ப்புற மெக்கானிக் கடையில் பூஜை முடிந்து திருஷ்டிப் பூசணிக்காயை நடு ரோட்டில் போட்டு உடைத்தார்கள். எல்லாக் கடை வாசலிலும் அப்படித்தான். ரோடெல்லாம் சதையும் விதையும் குங்குமத் தண்ணீருமாகக் கொழகொழவென்று கிடந்தது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு ஸ்கூட்டர்க்காரப் பெண் அதில் சறுக்கி விழுந்தாள். மெதுவாக வந்தவள்தான், அதனால் முட்டி மட்டும் பேர்ந்தது. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேகமா வந்திருந்தா தல போயிருக்கும்கா" என்றாள். வருஷா வருஷம் இந்த நாளில் இதே கூத்து. எவனுக்கும் அறிவு வருவதில்லை.

உள்ளே வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர்.

எடுத்து ஒரு தட்டு தட்டினேன், இருக்கிறேன் என்று.

"ம்மா." அவர் குரலே சரியாக இல்லை. மூச்சு வாங்கியது. "நான் சொல்றத கேளு. அந்த லேப்டாப்ப தொடாத. தொடாத, என்னா? பொட்டு வைக்காட்டி பரவால்ல. இங்க பூஜைக்கு கம்பெனி மெஷின நிறுத்தறேன்மா, டெஸ்ட்டுக்கு ஓட்டின பொட்டியெல்லாம் நிறுத்தினதும் தானா அழியுது, அப்பத்தான் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. அன்னிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப, அவசரத்துல மேல் அம்ப தட்டினேனே. அது டெஸ்ட்டுக்கு அடிச்ச அதே வரிம்மா. நான் மாத்தவே இல்ல. மாத்தினேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒரு வருஷமா உன் பேச்செல்லாம் அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. அது ஓடற வரைக்கும்தான் இருக்கும். நின்னா போச்சு. வழிச்சு எடுத்துட்டுப் போயிடும், நானே நெனச்சாலும் கொண்டுவர முடியாது. வெளியில இருந்து அதுக்குள்ள நொழையவும் முடியல, நம்ம வீட்டுக்குள்ள மட்டும்னுதானே போட்டேன்."

நான் கூடத்தைப் பார்த்தேன். சாமந்திப் பூ லேப்டாப்பின் மூடியில் அப்படியே இருந்தது.

"ம்மா, இருக்கியா?"

டொக்.

"நான் இப்பவே வரேன். வண்டியில ஏறிட்டேன். கண்ண மூடிக்கிட்டு பறந்து வந்துடறேன். வந்து எல்லாத்தையும் வெளிய எடுத்துடலாம், பத்து நிமிஷ வேலை. நீ மட்டும் இன்னும் ஆஃப் பண்ணாம இருக்கணும். சாமி... ம்மா, ஆஃப் பண்ணிட்டியா?"

பின்னால் பைக் உறுமியது. நின்ற இடத்திலேயே முறுக்குகிறார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ரிப்போர்ட் வந்த அன்று அந்தக் கை எப்படி நடுங்கியிருக்கும் என்றும் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து முத்தியால்பேட்டை வரைக்கும் எத்தனை கடை வாசல்.

வாயைத் திறந்தேன். கழுத்துத் துளையில் காற்று வந்துபோனது. அடப்பாவி மனுஷா என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு தட்டுத் தட்டியதற்கா இத்தனையும் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. மகள் இந்நேரம் தவளக்குப்பம் தாண்டியிருப்பாள். வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பேசும்மா என்று போனை என் கையில் கொடுப்பாள். 'பிறகு' என்ற பட்டனுக்குள் நான் சொல்லி வைத்ததை எழுதிக் கொடுக்கலாம்தான். எழுத்து அவளை 'டி' போட்டுக் கூப்பிடாது, நடுவில் உடையவும் செய்யாது. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரத்துக்கு அளவே கிடையாது. அவர் உயிர் மேல் இருந்த பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

"ஏம்மா, சொல்லேன்! ஆஃப் பண்ணிட்டியா?"

டொக், டொக்.

அந்தப் பக்கம் அவர் சின்னப் பையன் மாதிரி அழுது சிரித்தார். "அப்பாடா! கடவுளே! உயிரே வந்துச்சும்மா. தெரியுமா, கையெல்லாம் ஆடுது இங்க." பைக் சத்தம் அடங்கியது. வண்டியை நிறுத்திவிட்டார். "சரி, இனி அவசரமில்ல. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு, மெதுவா உருட்டிக்கிட்டு வரேன். ரோடெல்லாம் பூசணிக்காயா கெடக்குது. ஏம்மா, நம்மளுக்கும் ஒண்ணு ஒடைக்கணும். அந்த லேப்டாப்புக்கும் சேத்து சுத்திப் போட்டுடலாம், பெரிய கண்டம் தாண்டியிருக்கோம். வரும்போது ஒரு பூசணிக்கா வாங்கிட்டு வரட்டா?"

ஒரு தட்டு தட்டினேன்.